ஒரு நிமிடத்துக்கு இரண்டு ஜெபம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ ஞானத்தில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் படிக்கக் கூடாது.

போன மார்ச் மாதம் வேலூரில் ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற நர்ஸுகளையும் மரியாதைக்காக அழைத்திருந்தார்கள். கடைசி வரிசை, காகிதக் கோப்பையில் காபி, ஆறிப்போன பக்கோடா. மேடையில் ஓர் இளம் டாக்டர் குழந்தைகளின் சுவாச நோய்களைப் பற்றிப் பேசினார். 'ட்ரான்ஸ்லேஷனல் ரிசர்ச்' என்றார். வார்டிலும் ஆய்வுக்கூடத்திலும் கண்டுபிடித்ததை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அப்படிப் பெயராம். நான் மூன்று வருடம் ஜீப்பில் இடுப்பு ஒடிய அலைந்ததற்கு இவ்வளவு நல்ல பெயர் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரையில் ஒரு கறுப்புவெள்ளைப் படம் வந்தது. தாழ்ந்த ஓட்டு வீட்டின் வாசலில் ஒல்லியான நர்ஸ் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாயின் மடியில் இருக்கும் குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே எழுதியிருந்தார்கள்: 'களப்பணியாளர், பெயர் தெரியவில்லை. ஆம்பூர், 1981. வெற்றிகரமான முயற்சி.'

பெயர் தெரியாத அந்தக் களப்பணியாளர் கடைசி வரிசையில் பக்கோடா தின்றுகொண்டிருந்தாள். ஜெயபுஷ்பம் என்று பெயர். நான்தான்.

பெயர் போடாதது எனக்கு வருத்தம் இல்லை. (கொஞ்சம் இருந்தது.) என்னைக் குத்தியது 'வெற்றிகரமான' என்ற சொல். படத்தில் இருந்த குழந்தை வேறு. அது பிழைத்துக்கொண்டது எனக்குத் தெரியும். அதே தெருவில் இன்னொரு குழந்தை இருந்தது. அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள என்னை விடாதவளும் நான்தான்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் முட்டிக்கொண்டேன். முதலில் எழுதியது இது:

"பாலாற்றில் தண்ணீர் கரைபுரண்டு ஓடிய அந்தக் காலத்தில் நாங்கள்—"

பொய். நான் வேலூருக்குப் படிக்க வந்தது 1975-இல். அன்றிலிருந்து பாலாற்றில் நான் பெரும்பாலும் பார்த்தது மணல்தான். பழைய காலத்தைப் பற்றி எழுதினால் ஆறு தானாகவே நிரம்பிக்கொள்கிறது. அடித்துவிட்டேன்.

"தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம் மூக்கைத் துளைக்க—"

இதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே இருந்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் நாற்றம் தெரியாது. ஹாஸ்டல் வார்டனுக்குத்தான் தெரியும். "சேலையை வெளியவே அவுத்துப் போட்டுட்டு வா" என்று மாடியிலிருந்து கத்துவார்.

"1981 டிசம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, பதினோரு மாதப் பெண் குழந்தை ஒன்று—"

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் தேதி சரி. இதை அடிக்காமல் வைத்திருக்கிறேன், அங்கே வந்து சேர்ந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.

3

வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் கதை புரியாது.

எங்கள் குழந்தைகள் வார்டு டாக்டர் தேவானந்தம் சொன்னது மிக எளிமையான விஷயம். சளி முற்றி நிமோனியா ஆகிவிட்ட குழந்தை வேகமாக மூச்சு விடும். கைக்குழந்தை ஒரு நிமிடத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் வீட்டிலேயே கதகதப்பாக வைத்து, தாய்ப்பால் கொடுத்து, மறுநாள் பார்க்கலாம். ஸ்டெதஸ்கோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். வார்டில் இது பலித்தது. தெருவிலும் பலிக்குமா என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம். கணியம்பாடிப் பக்கம் சில கிராமங்கள், ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டிய சில தெருக்கள். ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருப் பெண் ஒருத்தியைப் பழக்கினோம். அவள் எண்ணுவாள்; நர்ஸ்கள் நாங்கள் வாரம் ஒருமுறை போய்ச் சரிபார்ப்போம்.

எல்லோருக்கும் எண்ணத் தெரிந்தது. நிமிடம்தான் இல்லை.

முதலில் எட்டுப் பெண்களுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துப் போனால் எட்டுப் புருஷன்மார் கையிலும் கடிகாரம் மின்னியது. ஒருவர் டேனரி கேட்டில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சிரித்த சிரிப்பில் ஜீப்பே ஆடியது.

அந்த ஜீப்! டிரைவர் வேலு, முன்னால் டாக்டர், பின்னால் நான், படிவக் கட்டுகள், எடை மெஷின், டாக்டரின் வேர்க்கடலைப் பொட்டலம். டாக்டர் எனக்கென்று ஒரு கையளவு கடலையைத் தோல் நீக்கிப் பின்னால் நீட்டுவார். பள்ளிகொண்டா தாண்டினால் காற்று குளிரும். எனக்கு இருபத்துநான்கு வயது. உலகத்தில் குழந்தைகள் மூச்சுத் திணறிச் சாவதை நானும் டாக்டரும் வேலுவும் சேர்ந்து நிறுத்திவிடப் போகிறோம் என்று உண்மையாகவே நம்பினேன். அப்படி ஒரு நம்பிக்கையோடு இருந்தது என் வாழ்க்கையில் அந்த மூன்று வருடம்தான்.

4

நிமிடத்தைக் கண்டுபிடித்தது நான். அடக்கமாகச் சொல்ல முடியவில்லை, மன்னியுங்கள்.

கணியம்பாடியில் ஒரு பயிற்சி நாள். சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் பரமண்டல ஜெபம் சொன்னோம். எனக்குப் பசி. கண்ணை மூடாமல் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லும்போது முப்பது விநாடி. அடுத்த நாளும் பார்த்தேன். முப்பது. சபையில் சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த ஜெபம் ஒரே வேகத்தில்தான் வருகிறது. இரண்டு ஜெபம், ஒரு நிமிடம். அதைக் கணவன் கழற்றிக் கட்டிக்கொள்ள முடியாது.

ஆம்பூர்த் தெருக்களில் முஸ்லிம்கள்தான் அதிகம்; அங்கே என்ன செய்வது என்று யோசித்தபோது வந்து சேர்ந்தவள்தான் நசீமுன்னிசா. என்னைவிட ஐந்து வயது பெரியவள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டால் முறத்தை ஒதுக்கிவைத்து, கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுந்து வருவாள். அவர்கள் தினமும் தொழுகையில் ஓதும் குர்ஆன் சூராவை நிதானமாக மூன்று முறை ஓதினால் ஒரு நிமிடம் வந்தது. ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"சிஸ்டர், அல்லாவோட வார்த்தைய கடியாரமா ஆக்கலாமா?"

"தெரியலையே நசீமாக்கா. தப்புன்னா வேணாம்."

ஒரு வாரம் யோசித்தாள். மாமனாரிடம் கேட்டிருப்பாள் போல. அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் சொன்னாள்: "ஓதுனா ஒரு நன்மை. கொழந்தைய பாத்தா ஒரு நன்மை. ரெண்டும் ஒண்ணா கெடைக்குது. இன்னாத்துக்கு வுடணும்?"

பள்ளிக்கூட அறையில் இருபது பெண்களை உட்காரவைத்து, கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அறுபதுக்கு முன்னும் பின்னும் இரண்டு விநாடிக்கு மேல் யாரும் தவறவில்லை. டாக்டர் தேவானந்தம் என் தோளைத் தட்டி, "இதுதாம்மா ரிசர்ச்" என்றார். மெட்ராஸில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசி, என் பெயரையும் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கணியம்பாடியில் எல்லம்மா என்று ஒருத்தி. எந்தச் சாமியையும் இதற்கு இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நாலாம் வாய்ப்பாட்டைச் சொன்னாள். நடுவில் தடுமாறி, திரும்ப ஆரம்பித்து, எப்படியோ நிமிடத்துக்குச் சரியாக வந்துவிடும். திட்டம் முடியும்வரை அவள் எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. வாய்ப்பாட்டை யாரும் மனம் உருகிச் சொல்வதில்லை.)

5

இங்கே ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

டாக்டர் தேவானந்தத்தை நான் ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனா? கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும். அவர் தலையில் கொஞ்சம் புகழ் ஆசையை ஏற்றி, "எண்கள் சரியாக வர வேண்டும், ஜெயபுஷ்பம்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு வாக்கியம் சொல்லவைத்தால், பிறகு நடந்ததற்கு அவரும் காரணம் என்று ஆகிவிடும். எழுதியும் பார்த்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் காகிதத்திலிருந்து என்னை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். மனிதர் நல்லவர். கடலைத் தோலைக்கூட ஜன்னலுக்கு வெளியே போட மாட்டார், சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

அடுத்த வரைவில் டிரைவர் வேலுவைப் பிடித்தேன். அவன் ஹாரன் அடித்து அவசரப்படுத்தியதால்தான், என்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது. வேலு செத்துப் பதினைந்து வருடமாகிறது. பதில் சொல்ல வர மாட்டான் என்ற தைரியம் எனக்கு. அதையும் கிழித்தேன். அவன் ஹாரன் அடித்தது உண்மை. அடிக்கச் சொல்லி வைத்திருந்தவள் நான்.

6

1981 டிசம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணி. ஆம்பூர் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தெரு கழுவிவிட்ட மாதிரி அமைதியாக இருந்தது. அன்று டாக்டர் வரவில்லை, நானும் வேலுவும்தான். ஆறு மணிக்கு எனக்கு வேலூர்க் கோயிலில் கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு ஒத்திகை. பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலுக்கு நாங்கள் மூன்றே பேர். ஒருத்தி போகாவிட்டால் தெரிந்துவிடும். "மூணரைக்கு ஹாரன் அடிச்சிடு வேலு, நான் பேசிக்கிட்டே இருந்துடுவேன்" என்று சொல்லியிருந்தேன்.

நசீமா என்னை நேராக வஜீதா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வஜீதாவுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். மடியில் பதினோரு மாதக் குழந்தை, ஷஹீன் பானு. மூன்று நாளாகச் சளி. காலையில் நசீமா எண்ணியதில் நாற்பத்துநான்கு.

"பால் குடிக்க மாட்டேங்குது சிஸ்டர்" என்றாள் வஜீதா. "வாய வெக்கிது, வுட்டுடுது. மூச்சு எடுக்கவே அதுக்கு நேரம் சரியா இருக்கு."

எங்கள் விதி இது. சரிபார்க்கிற நர்ஸ் இரண்டு தடவை எண்ண வேண்டும். முதலில் ஜெபத்தால், அடுத்து வாட்சால். படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் என் கண்டுபிடிப்பு சரியா என்று முடிவு செய்வார்கள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். குழந்தையின் மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்ளே இழுத்தது. வார்டில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், அது என்ன என்று எனக்குத் தெரியும். பயந்துவிட்டேன். பயத்தோடு ஜெபத்தை ஆரம்பித்தேன். இரண்டு ஜெபம் முடிந்தபோது என் கணக்கு நாற்பத்தாறு.

அப்பாடா என்று இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை எண் மறைத்துவிட்டது. முதல் கட்டத்தில் 46 என்று எழுதினேன்.

அப்போது ஹாரன் கேட்டது.

இரண்டாவது கட்டத்தில்—

[இந்த வாக்கியத்தைப் பதினொரு தடவை இங்கேயே நிறுத்தியிருக்கிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். துணி மடித்திருக்கிறேன். ஒரு தடவை ஃபிரிட்ஜையே சுத்தம் செய்தேன்.]

இரண்டாவது கட்டத்தில், வாட்சைப் பார்க்காமல், எண்ணாமல், 47 என்று எழுதினேன். அதே 46-ஐ எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒன்று கூட்டினேன்.

"அம்பதுக்குள்ளதான் இருக்கு வஜீதா, பயப்படாத. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. நசீமா ஜீப்வரை என்கூட வந்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

7

ஒத்திகை நன்றாக நடந்தது. அதுதான் கொடுமை. நன்றாகப் பாடினேன். முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்னோம். பழக்க தோஷத்தில் வாட்சைப் பார்த்தேன். முப்பத்திரண்டு விநாடி. டிசம்பர் குளிரில், நிறைந்த மனதோடு, நிதானமாக.

அந்த வீட்டில் நான் இப்படிச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

பயிற்சி அறையில் அது அளவு. அந்தக் குழந்தையின் எதிரில் அது ஜெபமாகவே ஆகிவிட்டது. நான் உண்மையாகக் கேட்டேன், கர்த்தாவே இதற்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று. மனசாரக் கேட்கிறவர்கள் நிதானமாகக் கேட்பதில்லை. அந்த வேகத்தைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்து, வாயசைத்து, வாட்சைப் பார்த்தேன். ஒரு ஜெபத்துக்கு இருபது விநாடி. அப்படியானால் நாற்பத்தாறு மூச்சு நாற்பது விநாடியில். நிமிடத்துக்கு அறுபத்தொன்பது.

நசீமாவும் காலையில் அப்படித்தான் ஓதியிருப்பாள். நோயாளிக் குழந்தை எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக நாங்கள் எல்லோரும் வேண்டியிருப்போம், அவ்வளவு குறைவாக எண்ணியிருப்போம். யார் பிழைக்க வேண்டும் என்று இந்த ஏற்பாடெல்லாம் செய்தோமோ, அவர்களுக்கு மட்டும் பொய் சொல்கிற கடிகாரத்தை நான் கண்டுபிடித்திருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆம்பூர். வஜீதா வீடு பூட்டியிருந்தது. நசீமா வாசலுக்கு வந்தாள்.

"ரொம்ப பேஜாராய்டுச்சு சிஸ்டர். வாய்ல்லாம் நீலமாய்டுச்சு. அவ அண்ணன் வந்து வாணியம்பாடிக்கு கூட்டினு போய்ட்டாரு, அவங்கம்மா வூட்டுக்கு. ஆள் அனுப்பி கேக்கட்டா?"

வாணியம்பாடி பத்துப் பன்னிரண்டு மைல். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி, இன்னொரு பஸ் பிடித்தால் போதும்.

"வேணாம் நசீமாக்கா. நானே பாத்துக்கறேன்" என்றேன்.

வேலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிறிஸ்மஸ். அதற்கடுத்த வாரம் போனபோது நசீமா, "சிஸ்டர், அந்தக் கொழந்த..." என்று ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். "அப்பறம் பேசலாங்க்கா." அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அதன்பிறகு ஒருபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படிவத்தில் முடிவு என்ற கட்டத்தில் 'ஊரில் இல்லை' என்று எழுதினேன். ஊரில் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். டாக்டரிடம் ஜெப முறையைக் கைவிடலாம் என்று சொல்லி, மணற்கடிகாரம் செய்து கொடுக்க வைத்தேன். பயத்தில் வேகம் கூடுகிறது என்று காரணமும் சொன்னேன். எனக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. 'நல்ல கவனிப்பு' என்று பாராட்டினார்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: குழந்தை மறுநாளே இறந்துவிடுகிறது. பல வருடம் கழித்து நர்ஸ் வாணியம்பாடி கபரஸ்தானைத் தேடிப் போகிறாள். சின்னச் சின்ன மண்மேடுகள். எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று அழுகிறாள்.

இரண்டாம் முடிவு: குழந்தை பிழைத்துவிடுகிறது. பெரியவளாகி நர்ஸ் படிக்கச் சேர்கிறாள். வகுப்பெடுக்க வருபவள் யார் என்று நினைக்கிறீர்கள்? (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

மூன்றாம் முடிவு: ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெண். பேச்சுவாக்கில் ஆம்பூர் என்கிறாள், பெயர் ஷஹீன் பானு என்கிறாள். நர்ஸ் எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்தப் பெண் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ரயில் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கிறது.

இந்த வகைக் கதைகளில் வழக்கம் என்னவென்றால், இந்த மூன்றையும் உங்கள் முன்னால் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடலாம். நீங்களும் முடிவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பாராட்டுவீர்கள். அப்படித்தான் செய்வதாக இருந்தேன். பிரதி எடுத்து, உறையில் போட்டு, ஒட்டியும் விட்டேன்.

அஞ்சல் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். 'ஊரில் இல்லை' என்று எழுதியவளுக்கும் 'முடிவு உங்கள் கையில்' என்று எழுதுகிறவளுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு தடவையும் வாணியம்பாடி பஸ் ஏறாதவள் ஒருத்திதான்.

9

சத்துவாச்சாரியில் என் வீட்டிலிருந்து ஆம்பூர் இப்போது ஒரு மணி நேரம்கூட இல்லை. நசீமா அதே தெருவில், மகன் கட்டிய மாடி வீட்டில் இருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். என்னைப் பார்த்ததும், "இன்னா சிஸ்டர், இவ்ளோ குண்டாய்ட்டீங்க" என்று கட்டிக்கொண்டாள். டாக்டர், வேலு, மாடியிலிருந்து கத்தும் வார்டன் என்று ஒரு மணி நேரம் பேசினோம். வாட்ச் கட்டிய எட்டுப் புருஷன்மாரையும் பெயர் பெயராகச் சொல்லிச் சிரித்தோம். பிறகு வஜீதா குழந்தையின் பேச்சை நானே எடுத்தேன்.

"நசீமாக்கா, அன்னிக்கு நீங்க எண்ணுனது தப்பாத்தான் இருந்திருக்கும். வேகமா ஓதியிருப்பீங்க. நானும் அதேதான்."

"எனக்கு அந்த நம்பர் மேல எப்பவுமே நம்பிக்கை இல்ல சிஸ்டர்" என்றாள் சாதாரணமாக. "கொழந்தையோட மூக்க பாப்பேன், விலாவ பாப்பேன். தூக்கினு ஓடணும்னு மனசுக்குப் பட்டா அம்பத்தஞ்சுன்னு எழுதிடுவேன். அனுப்பிடுவேன்."

"அப்போ உங்க ஃபாரமெல்லாம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போன புள்ளைங்க பொழைச்சாங்களா இல்லியா?"

பிழைத்தார்கள். ஆம்பூரில் எங்கள் முறை அவ்வளவு நன்றாகப் பலித்ததற்குக் காரணம் அந்த முறை இல்லை. இதை அந்த இளம் டாக்டரிடம் யார் போய்ச் சொல்வது?

"அப்போ வஜீதா கொழந்தைக்கு மட்டும் ஏன் நாப்பத்துநாலுன்னு எழுதினீங்க?"



"அது எண்ணி வந்த நம்பர்தான். மனசு ஒப்பல. ஆனா அன்னிக்கு வெள்ளிக்கெழமை. சிஸ்டர் வர்ற நாளு, வாட்ச் வெச்சு பாப்பாங்க, சரியா சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க கையில வாட்ச் இருந்துச்சு சிஸ்டர். நீங்க அத பாக்கல. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். படிச்சவங்க, காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

அழுதேன். அவள் அழாதே என்று சொல்லவில்லை. எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.

"சாவல சிஸ்டர்" என்றாள் திரும்பி வந்து. "அதத்தான் அப்பவே சொல்ல வந்தேன். வாணியம்பாடில பெரிய டாக்டர்கிட்ட ஒரு மாசம் வெச்சிருந்தாங்க. பொழைச்சிடுச்சு. ஒரு பக்கத்து நுரையீரல் கெட்டுப்போச்சு. மூச்சு கம்மி, அவ்ளோதான். ஷூ கம்பெனியில எடுத்தாங்க, பசை வாசன ஒத்துக்கல, வந்துட்டா. ரெண்டு தெரு தள்ளி இருக்கா. துணி தெக்கிறா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு ஏன் இப்புடின்னு கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வர்ல." பிறகு அவளே கேட்டாள்: "கூப்புடட்டா?"

எழுத்தாளர்கள் நிறுத்துகிற இடம் இதுதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கேள்வி, ஒரு திறந்த கதவு, மின்விசிறிச் சத்தம், முற்றும். என் கை மேலே எழப் பார்த்தது. அப்புறம் பேசலாம் என்று வாய்வரை வந்தது.

"கூப்பிடுங்கக்கா" என்றேன்.

10

ஷஹீன் பானு மாடி ஏறி வர நேரம் எடுத்துக்கொண்டாள். நடுவில் நின்றிருப்பாள். ஒல்லியான பெண், நாற்பத்துமூன்று வயது, காதுக்குப் பின்னால் ஒரு குண்டூசி குத்திய துப்பட்டா. என் எதிரில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை பேசவில்லை.

"ஃபாரத்துல இன்னா எழுதினீங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"ஊர்ல இல்லன்னு."

"ரெண்டு மாசத்துல வந்துட்டோமே. இதே ஊர்லதான் இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா, எனக்குத் தெரியவில்லை. நானாக ஓர் அர்த்தம் போட்டுக்கொள்ளவும் மாட்டேன். பையில் உறையோடு இருந்த கதையை எடுத்தேன். முதலிலிருந்து எட்டாம் பகுதிவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடிகாரப் புருஷன்மார் இடத்தில் சிரித்தாள். இரண்டாவது கட்டத்தில் 47 என்று வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று முடிவுகளையும் கேட்டு முடித்ததும் சிரித்தாள், இருமினாள், இருமல் நிற்கும்வரை கையைக் காட்டி என்னைக் காக்கவைத்தாள்.

"மூணுலயும் நீங்கதான் மேடம் இருக்கீங்க" என்றாள். "செத்தா நீங்க வந்து அழறதுக்கு சாவறேன். பொழைச்சா உங்கள மன்னிக்கிறதுக்குப் பொழைக்கிறேன். எனக்குன்னு ஒரு வேலையும் இல்லியா அதுல?"

அவள் சொன்னது சரி. மூன்றையும் அவள் எதிரிலேயே பேனாவால் அடித்தேன். உங்களுக்காக மேலே அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், எப்படிப்பட்ட முடிவுகளைச் சமைத்து வைத்திருந்தேன் என்று நீங்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக.

"அப்போ நீயே எழுதறியாம்மா?" என்று கேட்டேன். "இந்தப் பகுதிய?"

"எனக்கு எழுதல்லாம் வராது மேடம்."

"எனக்கும்தான் வரல, பாத்தியே."

அதற்குச் சிரித்தாள். என் பையில் மீதமிருந்த வெள்ளைத் தாள்களை வாங்கி, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, சுருட்டாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

ஆகவே, இதுவரை பொறுமையாகப் படித்து வந்தவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையின் முடிவை உங்கள் கையில் கொடுக்க முடியாது. அது என்னிடம் இல்லை. என்னுடையதாக அது எப்போதும் இருந்ததில்லை. அவள் எழுதிக் கொடுத்தால், எழுதியதை நீங்கள் படிக்கலாம் என்று அவளே சொன்னால், இதற்குக் கீழே பதினொன்று என்று போட்டு அது வரும்.

நேற்றுப் போன் செய்தேன். பின்னால் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"இன்னும் ஆரம்பிக்கல மேடம்" என்றாள். "அவசரமா?"

"இல்லம்மா" என்றேன்.